புள்ளிக்குப் பின்னால் நான்கு எண்கள்

வடகரை,
வெள்ளிக்கிழமை

ஜெர்மனியில் இருக்கும் அன்பு மச்சானுக்கு ஜுஹைனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் முஹ்ஸினாவும் மாமியும் சுகம். மாமிக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. மாசி மாதமே வெயில் கொளுத்துகிறது, குற்றாலத்தில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறதாம்.

போனில் பேசினால் மாமி காதில் விழும் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன். நீங்களாவது பதறாமல் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை செங்கல் சூளைக்காரர் வந்திருந்தார். பெயரை எழுதக் கை வரவில்லை, உங்களுக்கே தெரியும். மாடியில் காற்றிலுள்ள கரித்துகளை அளக்கும் உங்கள் மிஷின் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "தங்கச்சி, ரபீக் தம்பி சூளைப் புகையைப் பத்தி என்னமோ எழுதுதாராமே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அது மழை அளக்கிற மிஷின் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "எழுதி வரட்டும், பாத்துக்கிடுதோம்" என்றவர், படி இறங்கும்போது, "மக இலஞ்சி ஸ்கூல் வேன்லதான போகுது?" என்றார். அன்றிலிருந்து அவளை நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன். பின்னால் பைக் சத்தம் கேட்டாலே ஓரமாக நிறுத்தி, அது தாண்டிப் போன பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.

பத்திரிகையில் வருமுன் படிக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய கட்டுரையை நேற்று படித்தேன். பருவநிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களில் கரித்துகள் வெறும் மேனியாக மிதக்கிறது, நம்மூர்க் கரியோ எண்ணெய் தேய்த்த கரி, மேல்பூச்சு ஏற ஏற வெயிலைக் கூடுதலாக இழுக்கும் என்று கல்யாணமான புதிதில் விளக்கினீர்களே, அது இப்போதுதான் புரிந்தது. அந்தச் சூட்டையும் சேர்த்தால் நம் குற்றாலச் சாரல் மழையே இடம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பயமாகத்தான் இருந்தது. இப்படிப் பயமுறுத்துகிற மனுஷனுக்குப் போய் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் இரண்டாம் பக்கத்தைத்தான் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். மிஷின் இருக்கும் இடம் என்று அட்சரேகை, தீர்க்கரேகை போட்டு, புள்ளிக்குப் பின்னால் நான்கு எண்கள் கொடுத்திருக்கிறீர்கள். போன் மேப்பில் போட்டுப் பார்த்தேன். நேராக நம் மாடித் தண்ணீர்த்தொட்டியில் வந்து நின்றது. சூளைக்காரருக்கு இதைத் தட்டிப் பார்க்கத் தெரியாதா? என் மழைப் பொய் அப்புறம் எங்கே நிற்கும்?

கரியின் கணக்கைக் குறைத்து எழுதச் சொல்ல மாட்டேன், அதில் யாருக்காகவும் கை வைக்காதீர்கள். உங்கள் மாடலில் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், தனி வீடு தெரியாது என்பீர்கள். எங்களையும் அந்தக் கட்டத்துக்குள் ஒளித்துவிடுங்கள் மச்சான். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண்கூட வேண்டாம். பத்திரிகையில் ஏன் என்று கேட்டால், வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மிஷினை நிறுத்தவில்லை. துணி காயப்போடுவதுபோல் வாளியோடு ஏறி, இன்றைக்கும் அதில் கரி படியும் வடிகட்டிப் பட்டியை மாற்றினேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பானாக. எங்கள் பாதுகாப்பையும் அவனிடம்தான் கேட்கிறேன். அதில் பாதியை உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள்,
ஜுஹைனா