தேதி வராத சட்டம்

என் அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. உன் உடம்பும் மனமும் தேற வேண்டும் என்று காலையும் மாலையும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் கடைசி நேரத்தில் யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று போனில் இரண்டு முறை கேட்டாய். அழுகையில் நான் சரியாகச் சொல்லவில்லை. நான்கு பேர் இருந்தோம். டாக்டரம்மா, இடது பக்கம் நர்ஸ், கால்மாட்டில் உன் சித்தப்பா, தலைமாட்டில் நான். அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. பகல் மூன்று இருபது. அதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைத் திறந்து, "அவ சாப்பிட்டாளா?" என்று உன்னைத்தான் கேட்டாள். சாப்பிட்டுவிட்டாய் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சவில்லையா என்று கேட்டிருந்தாய். காய்ச்சித்தான் குடித்தாள். அவள் மேல் குறை இல்லை. வாய் கொப்பளித்ததும் காய் கழுவியதும் குழாய்த் தண்ணீரில். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

இனி எழுத வேண்டியதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வீடுகளுக்குப் பின்னால் போகும் சாக்கடைக் குழாய் வீடு கட்டி விற்றவர் போட்டது என்பது உனக்குத் தெரியும். அவர் போய்விட்டார், குழாய் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. வருடா வருடம் மழைக்கு முன்னால் குழாய்க்காரர் ஒட்டகம் வந்து அடைப்பெடுத்து, விரிசல் பூசிவிட்டுப் போவார். நாள் முழுக்க வேலை செய்தாலும் நம் தெருவில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். அதனால் அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே உன் அம்மாதான். "உள்ள என்ன ஓடுதுன்னு பாத்தவன்மா நான்" என்பார் அவரும் சிரித்துக்கொண்டே. அவர் வந்த தேதிகள் பதினொரு வருடத்துக்கு என் நோட்டில் இருக்கின்றன. இந்த வருடம் இருபதாம் தேதி வருவதாக இருந்தது.

நான்காம் தேதி பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. குடிநீர், கழிவுநீர்ச் சட்டம் சபையில் நிறைவேறியது, இப்படி ஆளில்லாத குழாய்களை எல்லாம் குடிநீர் வாரியமே எடுத்துப் பராமரிக்க வேண்டும், வாரியத்தின் ஆட்கள் தவிர வேறு யாரும் அவற்றைத் திறந்தால் குற்றம் என்று போட்டிருந்தது. மனு எழுதி எழுதி ஓய்ந்த எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கப் படித்தேன். உன் அம்மா மட்டும், "பேப்பர்ல வந்தது பைப்புக்குத் தெரியுமாடி, வக்கீலம்மா?" என்று கேலி செய்தாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கடவுளுக்கு அடுத்தபடி அச்சில் வந்ததை நம்புகிறவள் நான்.

அன்று சாயங்காலமே ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனேன். இனிமேல் குழாய் வாரியத்துடையது, நீங்கள் திறந்தால் உங்கள் மேல் வழக்கு வரும், வர வேண்டாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மழ வரப்போகுதேம்மா, அவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார். அவர்கள் வருவார்கள், அது அவர்கள் கடமை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் வரவில்லை. இருபத்தேழாம் தேதி மழை பிடித்தது. மறுநாள் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை நாற்றம். நனைந்துகொண்டே வாரிய அலுவலகத்துக்குப் போய்ச் சட்டத்தைச் சொன்னேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர், உட்காரவைத்துத்தான் சொன்னார். "சட்டம் வந்துடுச்சும்மா, தேதி இன்னும் வரல. தேதி இல்லாத சட்டத்த வெச்சு நான் ஒரு மண்வெட்டியக்கூட எடுக்க முடியாது."

புத்தகத்தை எடுத்து முதல் பிரிவைக் காட்டினார். அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் தேதியில் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகளைக் குறிக்கலாம் என்று இருந்தது. விதிகள் எழுத வேண்டும், ஆள் எடுக்க வேண்டும், மந்திரி கையெழுத்திட வேண்டும், பிறகு அரசிதழில் தேதி வர வேண்டுமாம். அதுவரை பழைய நிலைமைதானாம். அப்படியானால் ஒட்டகம் குழாயைத் திறந்திருந்தால் குற்றமில்லையா என்று கேட்டேன். "ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார்.

அங்கிருந்து நேரே ஒட்டகத்திடம் ஓடினேன். கொட்டுகிற மழையில் வந்து பார்த்தார். பள்ளம் முழுக்கத் தண்ணீர், திறக்கவே முடியவில்லை. அன்று ராத்திரியே உன் அம்மா வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டாள். தெருவில் ஏழு பேர் படுத்தோம், ஆறு பேர் எழுந்தோம்.

அவள் போன பதினேழாம் நாள் அரசிதழில் தேதி வந்தது. நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். நான்கே வரி. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்தாம்.

ஒட்டகம் இந்த வருடம் மழைக்கு முன்னால் வரவில்லை என்று உன்னிடம் போனில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் வர வேண்டாம் என்று தடுத்தவள் நான் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை மகளே. அந்தப் பாதியை நம்பித்தான் நீ நகராட்சிக்கு அவர் மேல் புகார் எழுதினாய். அவருடைய உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை பதினெட்டாம் தேதி. ஒன்றரை மாதமாக மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவரிடம் போய்க் கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு அம்மா இல்ல. உங்களையும் வெறுத்துட்டா, ஊருக்கு வந்தா எந்த வீட்டுக்குப் போகும்?" என்றார். வந்த வழியெல்லாம் அழுதேன். என்னால் பிழைப்பை இழந்தவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

இதைக் கிளறாதே என்கிறார் உன் சித்தப்பா. என்னால் முடியாது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் எனக்காகக் கேட்க வார்த்தை வரவில்லை. பதினெட்டாம் தேதி போய் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கப்போகிறேன். ஆனால் புகாரைக் கொடுத்தவரே திரும்பப் பெற்றால்தான் உரிமம் உடனே கிடைக்கும் என்கிறார்கள். அதை நீதான் செய்ய வேண்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியைச் சித்தி என்று கூப்பிட உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் உன் அம்மா. இனி அப்படிக் கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், கடவுள் உன் கூடவே இருக்க வேண்டும்.

நகராட்சிக்கு எழுதிவிட்டு எனக்கும் இரண்டு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி, பதினெட்டாம் தேதிக்குள் கிடைக்கும்படி பதில் போடு.

இப்படிக்கு,
உன் சித்தி