வால்மோர் கப்பலும் பால்கனி முயல்களும்

அக்டோபர் 18, 1942, ஞாயிறு. தூலோன்.

முயல் குட்டி போட்டுவிட்டது. ஆறு. தோலுரித்த கட்டைவிரல் மாதிரி கிடக்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கும் ஒரு வார இறைச்சி தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இவை தேறினால் இந்தக் குளிர்காலத்தில் நாங்களும் தேறுவோம்.

என் புருஷன் ரொனானிடம் அதன் பெயரைச் சொல்லாமல் சொன்னேன். "காது நீண்டது பெத்துடுச்சு." காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பால்கனிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கமாட்டான். பாய்மரக் காலத்தில் இந்தப் பிராணி கயிற்றைக் கடித்துக் கப்பலையே கவிழ்த்ததாம். அன்றிலிருந்து கடற்படையில் யாரும் அதன் பெயரை வாயால் சொல்வதில்லை. இவன் கப்பலில் கயிறு எங்கே இருக்கிறது? எல்லாம் இரும்பு. கேட்டால், "கயிறு இல்லாட்டி அது வேற எதையாச்சும் கடிக்கும்" என்கிறான்.

கீழ்வீட்டு மதாம் பெலிசியே படியில் நின்று வேண்டுமென்றே கத்துகிறாள். "மெக்கானிக் ஐயா, உங்க முயல் சௌக்கியமா?" தெற்கத்திக்காரிக்கு இதெல்லாம் வேடிக்கை.

அக்டோபர் 22

என் நாக்கில் சூடு போட வேண்டும். நேற்று மாலை ரொனான் கப்பலுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறான். நான் உள்ளேயிருந்து, "முயலுக்குத் தழை தீந்துபோச்சு, வரும்போது கொண்டா" என்று சொல்லித் தொலைத்தேன். அப்படியே நின்றான். தொப்பியைக் கழற்றினான். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். கிளம்பும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால் மறுநாள் விடியும்வரை கப்பல் ஏறக் கூடாது, அது அவன் அப்பா காலத்துச் சட்டம். கெஞ்சினேன், திட்டினேன், ஆள் அசையவில்லை.

இன்று தலைமை மெக்கானிக் முன்னால் நிறுத்தினார்களாம். உண்மையைச் சொன்னானாம். அவரும் எங்கள் வடமேற்குக் கரை, பிரெத்தாஞ் பக்கத்துக்காரர். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "வயித்துவலின்னு எழுதிக்கோ" என்று குமாஸ்தாவிடம் சொன்னாராம்.

கூட வேலை பார்க்கும் பாப்திஸ்தன் இந்த ஊர் ஆள். சாயந்திரம் வந்து விழுந்து விழுந்து சிரித்தான். "பிரெத்தாஞ்காரா, எதிரி பீரங்கியக் கொண்டு வந்தா நீ பயப்படமாட்ட. கூடையில ரெண்டு குட்டியத் தூக்கிட்டு வந்தான்னா கப்பலையே குடுத்துடுவ!"

நவம்பர் 1

புனிதர் அனைவர் திருநாள். தம்பி ழோயலுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். இரண்டு வருடத்துக்கு முன் ஆப்பிரிக்காக் கரையில், துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்த எங்கள் கப்பல்கள் மேல், அவை ஜெர்மன்காரன் கையில் சிக்கக் கூடாதென்று, இங்கிலாந்துக்காரன் சுட்டான். அதில் போனவன். அதற்கு முந்தின மாதம், நாங்கள் ஜெர்மன்காரனிடம் பணிந்து போகும்வரை, அந்த இங்கிலாந்துக்காரன்தான் எங்கள் கூட்டாளி. ஜெர்மன்காரன் பிடித்துவைத்திருக்கும் ப்ரெஸ்தில், அம்மா வீட்டுத் தெருவில் விழும் குண்டுகளும் அவனுடையவையே. அவை தேடுவது ஜெர்மன்காரனை, சாவது நாங்கள். நான் யாரை வெறுக்க வேண்டும்? ஒருவர் சொல்லிவிட்டால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போவேன்.

சாப்பிடும்போது ரொனான் ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு என் சக்களத்தியின், அதாவது அவன் கப்பலின், குலப்பெருமையை ஆரம்பித்தான். அவன் அப்பா இருந்த குரூசர் போர்க்கப்பலுக்கு ஆறு புகைபோக்கி. கரியைத் தின்று தின்று கறுப்பாகக் கக்கும், வேகம் மட்டும் வராது. "கிழக்கு நாட்டுல புகைபோக்கிய எண்ணித்தான் பயப்படுவாங்களாம்," என்றான். அதற்கு அடுத்த தலைமுறை இவனுடைய வால்மோர். அவளைக் கட்டும்போது பத்தாயிரம் டன்னைத் தாண்டக் கூடாது என்று நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருந்தன. எடை எல்லாம் பீரங்கிக்கும் டர்பைனுக்கும் போய்விட்டது, கவசத்துக்கு மிஞ்சவில்லை.

"ஓடுவா பாரு, அவள மாதிரி ஓட ஆளில்ல. அடி வாங்கத்தான் தெம்பில்ல," என்றான். ரொட்டியின் மேல்தோலைத் தடவிக்கொண்டே சொன்னான். என் கன்னத்தைக்கூட இவன் அப்படித் தடவியதில்லை.

ஓடத் தெரிந்தவளை இரண்டு வருடமாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். எண்ணெயும் இல்லை, உத்தரவும் இல்லை.

நவம்பர் 8

அமெரிக்கர்கள் ஆப்பிரிக்காவில் இறங்கிவிட்டார்களாம். எங்கள் ஆட்கள் அவர்களைச் சுடுகிறார்களாம். மதாம் பெலிசியே படியில் ஓடி வந்து, "நம்மள விடுவிக்க வர்றவங்களையா நம்ம பசங்க சுடறாங்க?" என்று கேட்டாள். எனக்கா தெரியும்?

நவம்பர் 12

இதுவரை வடக்கே மட்டும் இருந்த ஜெர்மன்காரன் தெற்கே இறங்கிவிட்டான். தூலோனை மட்டும் விட்டு வைத்திருக்கிறான். ஊர் வாசலில் நிற்கிறானாம், உள்ளே வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறானாம். ரொட்டி வரிசையில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசினார்கள், சிரிக்காமல் பேசினார்கள். பக்கத்துக் கப்பலில் மாலுமிகள் "கிளம்பு, கிளம்பு" என்று தட்டைத் தட்டிக் கத்தினார்களாம். எங்கே கிளம்புவது? யாரிடம் போவது? அதைக் கேட்டால் கத்தியவர்களே ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள்.

நவம்பர் 15

இன்று ரொனான் சொன்னான், சுவரைப் பார்த்துக்கொண்டு. கப்பலில் வெடி வைத்துவிட்டார்கள். பீரங்கிகளில், கொதிகலன்களில், இவனுடைய பின் டர்பைன் அறையில். யாராவது பிடிக்க வந்தால் கடல்நீர் வால்வைத் திறந்துவிட்டு, டர்பைனை உடைத்து, திரியைப் பற்றவைக்க வேண்டும். அந்த அறைக்குப் பொறுப்பு இவன். இவன் இல்லாத இரவுகளில் பாப்திஸ்தன்.

"யாரு வந்தா?"

"யாரு வந்தாலும்."

"ஜெர்மன்காரன்?"

"ஆமா."

"இங்கிலீஷ்காரன்?"

"ஆமா."

"நம்மாளுங்களே வந்தா?"

படுக்கையை விரிக்கப் போனான். ஏழு வருடமாக அந்த டர்பைனைக் குழந்தை மாதிரி துடைத்து வைத்திருக்கிறான். அதை உடைக்கச் சம்மட்டியும் இவனிடமே கொடுத்திருக்கிறார்கள். சம்மட்டிப் பிடியில் தன் பெயரைச் செதுக்கிவிட்டானாம். வேறு யாரும் தொடக் கூடாது என்பதற்காக. இந்த மனிதனை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

நவம்பர் 19

குட்டிகள் கூண்டை விட்டுத் தாண்டுகின்றன. வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 22

கேட்டே விட்டேன். "பத்தவச்சதுக்கப்புறம் நீ எப்படி மேல வருவ?"

"ஏணியில."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"போதும்."

"போதும்னா?"

"போதும்னா போதும், கொராந்தீன்." எழுந்து போய்விட்டான்.

ஏணிக்கு மேல் ஏணி. நடுவில் இரும்புக் கதவுகள். ஒருமுறை குடும்பத்தாரைக் கப்பலுக்குள் விட்டபோது அங்கே இறங்கிப் பார்த்திருக்கிறேன், ஏறி வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அதுவும் விளக்கெல்லாம் எரியும்போது. அவன் பொய் சொல்கிறான். எனக்காகச் சொல்கிறானா, தனக்காகவா?

ஆண்டவரே, யாரும் வர வேண்டாம். நல்லவனும் வேண்டாம், கெட்டவனும் வேண்டாம்.

நவம்பர் 26, வியாழன், மாலை

சொல்லிவிட்டேன்.

இன்று இரவு இவன் முறை. முத்தம் கொடுத்தான், தொப்பியை வைத்தான். தெருவில் பாப்திஸ்தன் விசிலடித்தான். அவனுக்கு இன்று விடுப்பு முடிகிறது, சேர்ந்து போவதாக இருந்தார்கள். நான் கையில் தழையோடு நின்றேன். மதியம் மதாம் பெலிசியே ஒரு செய்தி சொல்லியிருந்தாள். ஊருக்கு வெளியே டாங்கிகள் சத்தம் கேட்டதாம். அவளுக்குத் தினமும் ஏதாவது கேட்கும். இருந்தாலும்...

"முயலுக்குத் தண்ணி வைக்கணும்," என்றேன்.

தண்ணீர் அப்போதே வைத்தாயிற்று. எனக்குத் தெரியும்.

ரொனான் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஜன்னலைத் திறந்து, "நீ போடா, நான் விடிஞ்சதும் வர்றேன்," என்றான். கீழேயிருந்து சிரிப்பு. "என்ன, வயித்துவலியா?"

இப்போது அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். தெரியாமல் வாய் தவறி வந்தது என்று சொல்லலாம். நம்புவான். என் வாயும் அப்படித்தானே. நாளைக்கு மறுபடி இவன் முறை வரும், அப்போது என்ன செய்வேன்? தினமும் சொல்வேனா?

நவம்பர் 27

விடிவதற்குள் வந்துவிட்டார்கள்.

முதல் வெடியில் ஜன்னல் கண்ணாடி உள்ளே விழுந்தது. ரொனான் நாடா கட்டாத பூட்ஸோடு ஓடினான். நன்றாக வெளுத்தபின் திரும்பி வந்தான். துறைமுக வாசலில் ஜெர்மன்காரர்கள், உள்ளே விடவில்லையாம். நேராகப் பால்கனிக்குப் போனான். அங்கிருந்துதான் துறைமுகம் தெரியும். இத்தனை நாள் கால் வைக்காத இடத்தில், கூண்டுகளுக்கு நடுவே நின்றான். ஒரு குட்டி அவன் பூட்ஸ் நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் பார்க்கவில்லை.

வால்மோர் எரிகிறாள். அவளுக்கு மூழ்கக்கூட ஆழமில்லை. சேற்றில் உட்கார்ந்துகொண்டு எரிகிறாள். அவளைச் சுற்றி மற்றவர்களும். ஒரு கடற்படை முழுவதும் ஒரே காலையில், எங்கள் கையாலேயே. கீழே மதாம் பெலிசியே அழுகிறாள். "ஜெர்மன்காரன் கையில கிடைக்கல, கிடைக்கல," என்று அழுகிறாள். அது சந்தோஷமா, துக்கமா? எனக்கும் அழுகை வருகிறது, எதற்கென்று தெரியவில்லை. புருஷன் கைக்கெட்டும் தூரத்தில் உயிரோடு நிற்கிறான். எனக்கு வேறென்ன வேணும்? என்ன வேணும் எனக்கு?

மதியம் கேட்டேன், "உன் வேலைய யாரு செஞ்சிருப்பா?"

"பாப்திஸ்தன்," என்றான்.

நவம்பர் 30

இன்னும் எரிகிறது. தழையிலெல்லாம் எண்ணெய்க் கரி. கழுவிக் கழுவிக் கொடுக்கிறேன். பாப்திஸ்தனைப் பற்றிச் செய்தி இல்லை. மாலுமிகளை எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 9

அன்று ஏன் கப்பலில் இல்லை என்று யாரும் ரொனானைக் கேட்கவில்லை. தண்டிக்கக் கப்பல் இல்லை. வயிற்றுவலி என்று எழுதிக்கொடுக்கும் தலைமை மெக்கானிக் எங்கே என்றும் தெரியவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று அவன் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. தினமும் சவரம் செய்து, சீருடை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்கிறான்.

டிசம்பர் 19

பாப்திஸ்தன் வந்தான். இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். வலது கையில் கட்டு. கட்டின் வடிவத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, உள்ளே விரல்கள் இல்லை.

"உன் சம்மட்டியத்தான்டா எடுத்தேன், பேரு செதுக்கினத. நல்ல சம்மட்டி. ஒரே போடு," என்றான் ரொனானிடம். பிறகு, "வால்வு மட்டும் மக்கர் பண்ணுச்சு. நீ இருந்திருந்தா சட்டுனு திறந்திருப்ப. அதான் ஏணிக்கு வர நேரமாயிடுச்சு," என்றான். குறையாகச் சொல்லவில்லை. வால்வைப் பற்றிச் சொன்னான், அவ்வளவுதான்.

"இறங்கும்போது பூரா உன்னையும் உன் வயித்துவலியையும் திட்டிக்கிட்டே இறங்கினேன்!" என்று சிரித்தான். ரொனான் சிரிக்கவில்லை. நான் காப்பி போடும் சாக்கில் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். காப்பிக்கொட்டைக்குப் பதில் வறுக்கும் பார்லி கருகியது.

இவன் இருந்திருந்தால் வால்வு சட்டென்று திறந்திருக்கும், நேரத்தோடு மேலே வந்திருப்பான், பாப்திஸ்தனுக்கு விரல் இருந்திருக்கும். அல்லது இவனே அங்கே கிடந்திருப்பான். இரண்டில் எது? நான் இவனைக் காப்பாற்றினேனா, அவன் விரல்களைத் திருடினேனா? ரொனானிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அவனுக்கு லேசாகுமா, எனக்கு மட்டும் லேசாகுமா?

சொல்லவில்லை.

டிசம்பர் 28

கடற்படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும்தான். சீருடையை மடித்து வைத்தான். மதாம் பெலிசியேயின் செத்துப்போன புருஷனுடைய கோட்டு இவனுக்குத் தோளில் பிடிக்கிறது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை.

ஜனவரி 10, 1943, ஞாயிறு

இன்று பாப்திஸ்தனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பெரிய ஆண்குட்டியை நேற்றே அறுத்து, ஒயினில் ஊறவைத்திருந்தேன். வழக்கம் போல, இது கோழி என்று சொல்லி ரொனான் தட்டில் வைக்க நினைத்திருந்தேன். கோழி இல்லை என்று அவனுக்கும் தெரியும், இருந்தாலும் இத்தனை வருடம் அப்படித்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம்.

சட்டியைத் திறந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ரொனான் சொன்னான்.

"பாப்திஸ்தனுக்கு முயல் தொடையா பாத்து வை, கொராந்தீன். நீயே நறுக்கிக் குடுத்துடு."

பாப்திஸ்தனின் கரண்டி பாதி வழியில் நின்றது. ரொனான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. அன்று நான் வேண்டுமென்றே சொன்னது தெரிந்தவன் பார்வையா, தெரியாதவன் பார்வையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு குனிந்து, ரொட்டியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

நான் நறுக்கிக் கொடுத்தேன்.