கண் மூடாதவர்களின் கொப்பி

இல்ஃபோர்ட்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் கொட்வினுக்கு,

நீயும் கிளறிற்றாவும் பேத்தி ஷெறோனும் தேகசுகத்தோடு இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்கு வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் சொன்னபடி கேட்கிறது. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், ஆகையால் எழுத்து எங்காவது கோணியிருந்தால் பார்வைக் குறையென்று எண்ணாதே, கோபம் என்று எடுத்துக்கொள். ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேசுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

அங்கே டெக்சாஸில் ஷெறோனின் பள்ளிக்கூடத்தில் காலையில் செப நேரம் தொடங்கிவிட்டது என்றும், அதை நடத்தத் தெரிவான பிள்ளை அவள்தான் என்றும் எழுதி, வீடியோவும் அனுப்பி, பங்குச் சுவாமியிடம் காட்டிப் பங்கு மடலில் போடச் சொல்லுங்கோ என்று கேட்டிருந்தாய். முதல் நாள் நான் பெருமைப்பட்டதை மறைக்கமாட்டேன். கோயில் வாசலில் மூன்று பேருக்குக் காட்டினேன். பிறகு வீட்டில் தனியே இருந்து முழுவதையும் பார்த்தேன். பிள்ளைகள் தாங்களாக நடத்துகிற செபம், பெரியாக்கள் ஒருத்தரும் தலையிடுவதில்லை என்று நீ எழுதியிருந்தாய். அப்படியானால் பெரிய தொப்பியோடு முன்னால் நின்று கால்மணி நேரம் பேசினாரே, அந்தப் பள்ளிச் சபைத் தலைவர் எந்த வகுப்பில் படிக்கிறார்? பிள்ளை செபத்துக்கு வரச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டிய போமை அச்சடித்தது எந்தப் பிள்ளை? தேர்தலுக்கு நிற்கிற மனிதருக்கு ஆண்டவர் மேல் திடீரென்று வருகிற பக்தியை நான் ஊரிலும் இங்கேயுமாக இரண்டு நாடுகளில் பார்த்துவிட்டேன், மூன்றாவதில் பார்க்கத் தேவையில்லை.

அரசாங்கமும் கோயிலும் கைகோத்தால் நாடு திருந்தும் என்று நீ நினைக்கிறாய். இங்கே வந்து பார். ராசாதான் இங்கிலாந்துத் திருச்சபைக்கும் தலைவர், பிஷப்மார் மேல்சபையில் கதிரை போட்டு இருக்கிறார்கள், பள்ளிகளில் நாள்தோறும் வழிபாடு நடக்க வேண்டுமென்று சட்டமே இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜெனோஜா கவுன்சில் நடத்துகிற ஒரு அரசாங்கப் பள்ளியில் படிப்பிக்கிறாள். போன கிழமை வழிபாட்டு நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பிளாஸ்ரிக் போத்தலை எந்தக் குப்பைத் தொட்டியில் போடுவது என்று படம் காட்டினவையாம். எங்கள் பங்கிலோ, கத்தோலிக்கப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை தாய் தகப்பன்மார் கைக்குழந்தையோடு முன்வரிசையில் முழந்தாளிடுவார்கள், சுவாமி போமில் கையெழுத்து வைத்த அடுத்த ஞாயிறு ஆளைக் காணோம். சட்டத்தாலும் போமாலும் வளர்கிற விசுவாசம் இவ்வளவுதான். இதைத்தான் டெக்சாஸில் புதுக் கண்டுபிடிப்பு மாதிரிக் கொண்டாடுகிறீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பவளக்கொடியை உனக்குத் தெரியும், என்னோடு கொன்வென்றில் படித்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், பழுத்த சைவம். வியாழக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஈஸ்ட் ஹாமுக்கு மரக்கறி வாங்கப் போய், வழக்கமான கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம். அங்கேதான் அவளுக்கு வீடியோவைக் காட்டினேன். பெட்டை நல்ல வடிவு, உன்ர மூக்கு என்றாள். பிறகு போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "மலர், பிள்ளையின்ர கையில என்ன, கொப்பியோ?" என்று கேட்டாள்.

நான் அதைக் கவனிக்கவேயில்லை. போமில் கையெழுத்து வந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அது. ஷெறோன் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகச் சரி போட்டுத்தான் உள்ளே விடுகிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறது. அது ஆரணி. போன வருஷம்வரை உன் காரில் ஷெறோனோடு பள்ளிக்குப் போன பிள்ளை, நத்தாருக்கு உன் வீட்டில் கிறிஸ்மஸ் கேக் வெட்டின பிள்ளை. அன்றிரவே கிளறிற்றாவிடம் கேட்டேன். தாய் தகப்பன் போம் குடுக்கேல்லை மாமி, அவள் லைப்ரரியில இருக்கலாம், ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை என்றாள். இப்போது தகப்பன்தான் தன் காரில் கொண்டுபோய் விடுகிறாராம், பிள்ளைகள் இரண்டும் கதைக்கிறதும் குறைவாம். அதையும் ஏதோ பெற்றோல் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதினான்கு வயதில் கொன்வென்றில் காலைச் செபத்துக்கு நான்தான் தலைவி. மதர் ஒரு நீலக் கொப்பி தந்திருந்தார். கண் மூடாதவர்கள், கை குவிக்காதவர்கள், உதடு அசையாதவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். சைவப் பிள்ளைகள் வாசல் குழாயில் திருநீற்றைக் கழுவிவிட்டு உள்ளே வருவார்கள், பவளக்கொடி கழுவுவாள், ஆனால் கண்ணை மூடமாட்டாள். ஒரே மாதத்தில் பதினொரு தரம் அவள் பெயரை எழுதினேன். பதினொரு தரமும் விறாந்தையில் முழங்காலில் நின்றாள். எனக்கும் முழங்கால் நோகிறது, அது வயது. அவளுடைய நோவைப் பற்றி நான் கேட்பதில்லை. கண் மூடாதவர்களைப் பிடிக்க நான் கண்ணைத் திறந்துதானே வைத்திருக்க வேண்டும்? இரண்டு வருஷம் செபத்தை நடத்தினேன், ஒரு நாளாவது செபித்தேன் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூடச் சொல்ல என்னால் ஏலாது. அதுவாவது கன்னியர் சொந்தக் காசில் நடத்தின பள்ளி, பவளக்கொடியின் தகப்பன் தெரிந்துதான் கொண்டுவந்து சேர்த்தவர். உன் பிள்ளையின் பள்ளி ஆரணியின் தகப்பனுடைய வரியிலும் நடக்கிறது. அந்த வாசலில் நின்று அவருடைய பிள்ளையை மறிக்க ஷெறோன் யார்?

அன்று தேத்தண்ணிக் கடையில் பவளக்கொடியிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது என்பது உனக்குத் தெரியும். அவள் கடைசி வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துக்கொண்டு, "உன்ர மன்னிப்பை நீயே வைச்சிரு, பேத்தியின்ர கையில இருக்கிறதை வாங்கு" என்றாள். பிறகு பஸ்ஸில் வீடுவரை கத்தரிக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

வீடியோவை நான் சுவாமியிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். ஷெறோன் செபிப்பதை நான் தடுப்பேனா? கிழமையில் ஏழு நாளும் செபிக்கட்டும். அந்தப் பட்டியலை மட்டும் தொப்பிக்காரரிடமே திருப்பிக் கொடுக்கட்டும், அவருக்குத்தான் அது தேவை. பிறகு போய் லைப்ரரியில் ஆரணிக்குப் பக்கத்தில் இருந்து, விரும்பினால் அங்கே கண்ணை மூடட்டும். ஆண்டவருக்கு லைப்ரரிக்குள் வரப் போம் வேண்டியதில்லை. அடுத்த நாள் நீயே ஆரணியின் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் காரில் ஏற்று. தகப்பன் முகத்தைத் திருப்பினால் பொறுத்துக்கொள், பதினொரு தரம் திருப்பினாலும் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை ஷெறோனுக்கு வாசித்துக் காட்டு, கொப்பிக் கதையை விட்டுவிடாதே. வியாழன் தவறாமல் பவளக்கொடி என்னிடம் கேட்பாள், அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும்.

பிரஷர்க் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடு, மறந்துவிட்டேன் என்ற கதை வேண்டாம். கிளறிற்றாவுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் மூவரையும், மறிக்கப்பட்ட அந்தப் பிள்ளையையும் தம் கரத்தில் வைத்துக் காப்பாராக.

இப்போதாவது கண்ணை மூடிச் செபிக்கிற
உன் அம்மா,
மரியமலர் பீற்றர்