கம்பியில் இல்லாத ஊசிகள்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். திருச்சியிலிருந்து திரவ நைட்ரஜன் வரவில்லை. து.த. (துறைத் தலைவர், எனக்கு ஜூனியராகச் சேர்ந்தவர்) சொன்னார்: "ஐஸ் போட்டு முடிங்க சார். வக்கீல் அவசரப்படுறாரு." கல்லூரி வாசல் கரும்புச்சாறு கடை ஐஸ். அமிலத் தொட்டியைச் சுற்றிக் கொட்டி, மின்சாரம் பாய்ச்சி, டைட்டானியத் துண்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் அளவுக்கு மெலிதாக்கினோம். திரவ நைட்ரஜனின் உறைகுளிரில் செய்ய வேண்டிய வேலை.

துண்டு: குன்றாண்டார்கோவில் லாரி டிரைவர் ஆரோக்கியசாமிக்குத் தொடை எலும்பு முறிவுக்காக உள்ளே வைத்து, பிறகு உடைந்துபோன கம்பி. செய்த கம்பெனி மேல் வழக்கு.

ஜூன் 17, செவ்வாய்
எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள் வந்தன. முழுக்கக் கறுப்பு ஊசிகள். ஹைட்ரஜன் ஏறி உலோகத்தை நொறுங்க வைக்கும் ஹைட்ரைடு. து.த.வுக்குக் கால் தரையில் இல்லை. "கம்பியிலயே ஹைட்ரஜன் சார். கேஸ் ஜெயிச்ச மாதிரிதான்."

குளிராத அமிலமே ஹைட்ரஜனை உள்ளே ஏற்றும் என்றேன். "ஒங்களுக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்." என்றார், மாணவர்கள் முன்னால்.

அதே கம்பியில் இன்னொரு துண்டை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். அமிலம் இல்லாமல், அயனிக் கற்றையால் மெலிதாக்கச் சொல்லி.
சனி: பல் டாக்டர்.

ஜூலை 2, புதன்
தூறல். புதுப் படம். ஓர் ஊசிகூட இல்லை. முன்பு பார்த்தவை நாங்கள் உண்டாக்கியவை.

இரண்டு படங்களையும் து.த. மேசையில் வைத்தேன். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான். மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரிதான் சார். ரிப்போர்ட்ட மாத்திருவோம். அந்த ஆளுகிட்ட நீங்களே சொல்லிருங்க."
ஆரோக்கியசாமியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிப் போன் செய்தேன்.

ஜூலை 4, வெள்ளி
ஆரோக்கியசாமி வந்தார். ஊன்றுகோல். கூடவே மனைவி. படங்களைக் காட்டினேன்.

"அந்தக் கோடெல்லாம் எங்கிட்டுங்க போச்சு?" என்றார் மனைவி.
"அது நாங்க அமிலத்துல போட்டப்ப வந்ததும்மா. கம்பில இல்ல."
"அப்ப கேசு?"
"இத வச்சு நடக்காது."

ஆரோக்கியசாமி சிரித்தார். "டாக்டருங்க கால ஊண்டாதன்னாங்க. இவ தம்பி கல்யாணத்துல ஊண்டி நின்னேன்."
"யாரு நிக்கச் சொன்னா? ஒக்காந்துக்கிட்டே மொய் எழுதுனா வாங்க மாட்டாங்களா?" என்ற மனைவி அழுதுவிட்டார்.

கம்பி ஏன் உடைந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அதை நாங்கள் ஆராயவே இல்லை என்றேன். திரும்பவும் சொன்னேன்.

"எம்மேலதான் தப்புன்னு சொல்லிருங்க சார்," என்றார் ஆரோக்கியசாமி. "பரவாயில்ல."