முப்பத்தேழு பச்சை டிக்

2025 ஜூலை 12, சனி. இரவு 11.40. இந்த வாரம் வந்த ஜெபக் குறிப்புகள் முப்பத்தேழு.

எங்கள் சபை வாலிபர்கள் அனுப்பும் குறிப்புக்கெல்லாம் நான் எழுதிய பாட், அதாவது தானாகப் பதில் அனுப்பும் புரோகிராம், இரண்டே நொடியில் ஒரு வசனம் அனுப்பி, ‘ஜெபித்தோம்’ என்று பச்சை டிக் போட்டுவிடும். எனக்கு அதில் பெருமைதான்.

மாலை மாமல்லபுரம் கடற்கரையில் வாலிபர் கூடுகை. பாட்டு முடிந்ததும் புதுப்பட்டினம் ஷாரன் போனை நீட்டினாள். திங்கட்கிழமை அவள் அம்மாவுக்குச் செங்கல்பட்டில் ஆபரேஷன்.

“டிக் வந்துகீதுண்ணா. யாரு ஜெபம் பண்ணது?”

“யாரும் இல்ல. பாட் தானா போடும்.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கும் அதையே அனுப்பிடுண்ணா. வாசல்ல குந்திகினு இருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இப்போது வீட்டில் கண்ணை மூடினால் கட்டில் மெல்ல மிதக்கிறது. ஒவ்வொரு அலையும் ஒரு பச்சை டிக்கைக் கரையில் வைத்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டு போகிறது. அவள் அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாட் கேட்கவில்லை. கேட்கும்படி நான் எழுதவில்லை.

இனி:

1. டிக்கை எடுத்துவிட வேண்டும். குறிப்பு வந்ததை பாட் எனக்குச் சொன்னால் போதும்.
2. காலை ஆராதனைக்கு முன் ஷாரனிடம் அம்மா பெயரைக் கேட்க வேண்டும்.
3. மீதி முப்பத்தாறுக்கும் ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி நானே ஜெபிக்க வேண்டும். அவசரப்படாமல்.
4. திங்கள் லீவு. ஆஸ்பத்திரி வாசலில் நான் உட்காருவேன்.