கடையின் முதல் மேசை

என் மகன் இயோவானேவுக்கு, ஆக்லாந்துக் குளிரிலிருந்து கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக.

கடையை அவுகுசோவிடம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை பேசி முடித்தாயிற்று. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

அவுகுசோ நம் ஊர்ப் போதகரின் தம்பி. நியூசிலாந்தில் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தோடு போன வருடம் தீவுக்குத் திரும்பியவன். என் முழங்கால் இனி மாவு மூட்டைக்கு ஆகாது. நிலம் குடும்பத்துடையது, அதில் பேச ஒன்றுமில்லை. கட்டடத்துக்கும் சரக்குக்கும்தான் பேரம்.

வந்தவன் எல்லோரையும் போல வாசலில் இருக்கும் நம் இரண்டு கல்லறைகளில் சின்னதன்மேல் உட்கார்ந்தான். சீமைப்பலா நிழல், கடல் காற்று. இரண்டு கோப்பை கோக்கோ குடித்தான். நான் சொன்ன விலைக்குத் தலையாட்டினான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"எல்லாம் சரிக்கா. இந்தக் கல்லறைகள மட்டும் பின்பக்கம் மாத்திருவோம். முன்னால வண்டி நிக்க எடம் வேணும்ல. இப்ப யாரு நடந்து கடைக்கு வர்றா?"

"நீ இப்ப எதுமேல உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

குனிந்து கல்லைப் பார்த்தான்.

"எம்பொண்ணு மடியில உக்காந்து, என் கோக்கோவக் குடிச்சுகிட்டு, அவளையே வீட்ட விட்டுப் போகச் சொல்ற. நியூசிலாந்துல விருந்துக்குப் போனா இப்படித்தான் பேசுவியா?"

சட்டென்று எழுந்துவிட்டான். "உக்காருடா, அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா" என்றேன். பாதி உடம்பைத்தான் வைத்தான்.

அவனுக்குக் கதை தெரியாது. உனக்கும் பாதிதான் தெரியும்; அப்போது நீ நடை பழகிக்கொண்டிருந்தாய். அந்தப் புயலில் மரமெல்லாம் பாதைமேல் சாய்ந்து கிடந்தது. உன் அக்கா லாகிக்குக் காய்ச்சல். உன் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, விழுந்த மரங்களில் ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பாதி வழியில் தோள் குளிர்ந்துவிட்டது என்றார். அதற்குமேல் சாகும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வழக்கப்படி அவளை வீட்டு வாசலிலேயே புதைத்து, கடற்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசினார்.

தோட்டத்தில் சேம்பு அழுகிப்போயிற்று. நிவாரண மாவு வந்தது. ஊரார் அதைச் சுட்டுத் தின்றார்கள். நான் நம் பங்கில் பாதியை உருண்டை பிடித்துப் பொரித்து விற்றேன். வைத்து விற்க மேசை இல்லை, காற்று கொண்டுபோய்விட்டது. அதனால் துணி விரித்து லாகியின் மேலேயே தட்டை வைத்தேன்.

"பிள்ளையப் பொதச்ச ஈரம் காயல, அதுமேலயே யாவாரம் பண்றா பாரு" என்று உன் அத்தை மாலியா தெருவே கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டு நாலு உருண்டை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

நீ பசியில் அழுதுகொண்டிருந்தாய். எனக்கு அன்றைக்கும் வெட்கமில்லை, இன்றைக்கும் இல்லை. ஒவ்வொரு முறை சில்லறை வாங்கும்போதும் கை அந்தக் கல்லில் பட்டது. அதனால்தான் விழாமல் நின்றேன். தகரக் கூரையும் அலமாரியும் நீ படித்த படிப்பும் அந்தக் கல்லுக்குப் பிறகு வந்தவை.

இதையெல்லாம் அவுகுசோவிடம் சொன்னேன். தலை குனிந்து கேட்டான். ஆனாலும் லாரிக்காரன்தானே. "அப்ப வண்டி எங்கக்கா நிக்கும்?" என்றான்.

"கோயில் பக்கம் நிக்கட்டும். அங்கேருந்து நடந்து வந்தா உன் தொப்பையும் கொறையும்."

சிரித்துவிட்டான். சிரித்தவனிடம் பேரம் பாதி முடிந்த மாதிரி.

"வயசான காலத்துல தனியா எதுக்கும்மா, இங்கயே வந்துரு" என்று நீ ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறாய். நான் தனியாக இல்லை. லாகிக்கு இந்தப் பக்கம் உன் அப்பா இருக்கிறார். அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. இதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

உன் கைவேலையைக் கர்த்தர் பெருகச் செய்யட்டும். உன் பிள்ளைகளில் ஒன்றையும் தோளிலிருந்து இறக்கவேண்டி வராமல் இருக்கட்டும்.

அவுகுசோவிடம் முடித்தது இது: சரக்குக்கு ரொக்கம், கட்டடத்துக்கு மாத வாடகை நானூறு தாலா. கல்லறை இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் காலி இடத்தில் சிமெண்டு போடக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது, பெட்டி அடுக்கக்கூடாது. போதகர் முன்னால் கை கொடுத்தான்.

உன்னிடம் கேட்பது இது: கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். போகவும் திரும்பவும் சேர்த்து டிக்கெட் எடு. திரும்பும் டிக்கெட் கைக்கு வந்தபிறகுதான் பெட்டி கட்டுவேன்.

உன் அம்மா,
மாகெரிட்டா