ஆறாம் நம்பர் கம்பூட்ஸ்

மதினி,

இன்று காலை மழை விட்டதும் கம்பூட்ஸைக் கழுவி, இரண்டு குச்சிகளை நட்டு அவற்றில் தலைகீழாக மாட்டி வைத்தேன். வெயில் ஏற ஏற அந்த ரப்பர் வாடை அடுப்படி வரை வந்துவிட்டது. போனவர்களை நினைக்க மல்லிகை, சந்தனம் என்று எத்தனையோ நல்ல வாடைகள் இருக்கின்றன. உங்களை நினைக்க எனக்கு வாய்த்தது இதுதான்.

அண்ணன் காலமான பிறகு நீங்களும் என்னைப் போலத் தனியாக இருக்கிறீர்களே என்று நான் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தேன். அதற்குள் நீங்கள் காலி மனையில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து துணைக்கு வைத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பாண்டி என்று பெயர் வேறு. விளாங்குடியில் தெருவில் நின்று பாண்டி என்று கூப்பிட்டால் நாலு ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்கு அதில் ஒரு குஷி. அவனும் உங்களைப் போலவே பிடிவாதக்காரன். காம்பவுண்டுக்குள் ஒன்றுக்குக்கூடப் போகமாட்டான். இடியே விழுந்தாலும் காலையும் சாயங்காலமும் கண்மாய்க் கரை வரை கூட்டிப்போயே ஆகவேண்டும்.

ஐப்பசி பிறந்தால் அந்தப் பாதை பாதையாகவா இருக்கிறது? மனைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி, சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். உள்ளே கருவேல முள் வேறு கிடக்கும். முதல் மழைக்காலத்திலேயே எனக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. சர்க்கரை உள்ள காலில் புண் வந்தால் ஒரு விரலோடு நிற்காது என்று டாக்டர் கடிந்துகொண்டார். வெளியே வந்த கையோடு என்னை ஆட்டோவில் ஏற்றி மாசி வீதிப் பக்கம் கூட்டிப்போனீர்கள்.

செருப்புக் கடைக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். நீங்கள் நுழைந்தது கயிறும் மண்வெட்டியும் ஹெல்மெட்டும் தொங்கும் ஹார்டுவேர் கடையில். கான்கிரீட் போடுகிறவர்கள் மாட்டுகிற கம்பூட்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்றீர்கள். கடைக்காரர் நம் சேலையைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். பொம்பளை அளவு வராது, இருப்பதிலேயே சின்னது ஆறாம் நம்பர்தான் என்றார். உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள்.

அதன் பிறகு அந்தக் கடையில் நீங்கள் செய்த சோதனை இருக்கிறதே, மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எனக்கு யாரும் அவ்வளவு பார்க்கவில்லை. கணுக்கால் இடத்தில் மடக்கிப் பார்த்தீர்கள். மடித்த இடம் வெளுத்தால் அது ஒரு மழைக்குத்தான் தாங்கும் என்று தள்ளிவைத்தீர்கள். அடிப்பாகத்துப் பள்ளங்களில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தீர்கள். லேசாக, பளபளவென்று இருந்த ஒரு ஜோடியை நான் ஆசையாக எடுத்தபோது, “இது வழுக்கும். நீ சும்மாவே விழுவ” என்றீர்கள். கடைசியாக ஒரு செய்தித்தாளை விரித்து, பூட்ஸை அதன்மேல் நிறுத்தி, உள்ளே தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தீர்கள். தாள் நனையவில்லை. ஈரமான பூட்ஸை இனி யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் முணுமுணுத்தார். “நாங்கதாண்ணே” என்றீர்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கியதை நான் என்ன செய்தேன்? வாங்கியபின் வந்த முதல் மழையன்று உங்களுக்குக் காய்ச்சல். நான் மட்டும் பாண்டியோடு போனேன். கண்மாய் முக்கில் சேறு வந்ததும், புதுசு பாழாகிவிடுமே என்று பூட்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டேன். அந்தப் பக்கம் ஏறியதும் காலைக் கழுவி மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் இதே கதை. கடைசியில் பொட்டுச் சேறு படாத பூட்ஸும், மறுபடி புண் வந்த காலுமாக உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

திட்டப்போகிறீர்கள் என்று முந்திக்கொண்டு, எங்கம்மா அப்படித்தான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பாள், ஒரு ஜோடி நாலு வருஷம் வரும் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்.

“ஏத்தா, அத்தை என்ன மிச்சம் பிடிக்கவா தூக்குச்சு? ஊருல மேலத்தெரு வழியா நம்ம ஆளுக செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தாண்டுற வரைக்கும் கையிலதான். பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான் காலுல போடும். கல்யாணமாகி வந்த வாரம் நானும் அப்படித்தான் தூக்கிட்டு வந்தேன்.”

ஐந்தாம் வகுப்போடு மதுரை விடுதிக்கு வந்துவிட்ட எனக்கு இது தெரியாமலே போய்விட்டது. என் அம்மாவுக்கு நடந்த அவமானத்தைச் சிக்கனம் என்று நினைத்து, இத்தனை வயது வரை அதையே பழகியும் வைத்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நீங்கள் என் கையிலிருந்த பூட்ஸை வாங்கி என் காலடியில் வைத்தீர்கள்.

“இது சேத்துல போடத்தான் வாங்குனது. போடு.”

புண் ஆறியதும் போட்டேன். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு டபக் டபக் என்று இரண்டு பேரும் நடந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சென்ட்ரிங் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்களா என்று பால்காரர் கேலி செய்தார். ஆனையூரில் ரூப் கான்கிரீட் போடுகிறோம், ஆள் பற்றவில்லை, நீயும் வா என்று அவரைக் கூப்பிட்டீர்கள். அந்த மூன்று மழைக்காலம் மாதிரி நான் சிரித்ததே இல்லை.

இந்தச் சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் கோயம்புத்தூருக்குத் திரும்புமுன் உங்கள் மகன் என்னிடம் வந்தான். பாண்டியை நண்பனுடைய தோப்பில் விட்டுவிடுகிறேன், மழைக்காலத்தில் உங்கள் காலுக்கு இது ஒத்துவராது அத்தை என்றான். பாசத்தில்தான் சொன்னான். பாண்டியும் போய்விட்டால் நாள் முழுக்க வாய்திறந்து பேச எனக்கு ஓர் உயிர் இல்லை. அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு மழைக்காலம் பொறு, புண் வந்தால் நானே அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

புரட்டாசியில் எடுத்துப் பார்த்தால் என் பழைய ஜோடி கணுக்காலில் வெடித்திருந்தது. அதே கடைக்குத் தனியாகப் போனேன். மடக்கினேன், நகத்தை விட்டுப் பார்த்தேன். நான் கேட்குமுன்பே கடைக்காரர் செய்தித்தாளை விரித்துவிட்டார். தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தபோதுதான், கூட வந்த அக்கா எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் கடைப் பையனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.

ஐப்பசியும் கார்த்திகையும் ஒரு நாள் விடாமல் நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய துணியால் ஒற்றி எடுத்தேன். பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை.

நேற்று உங்கள் மகன் வந்தான். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். என் காலை மடியில் எடுத்து வைத்து, செல்போன் வெளிச்சத்தில் விரல் விரலாக விரித்துப் பார்த்தான். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“காஞ்சுதான் இருக்கு. பாண்டி இங்கயே இருக்கட்டும் அத்தை.”

அழுதுவிட்டேன் மதினி. எங்கே வலிக்கிறது என்று அவன் பதறிப்போய்க் கேட்டான்.

இன்று காலையும் போய்விட்டு வந்தோம். உங்கள் சேலைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உங்கள் நடை வந்து சேர்ந்திருக்கிறது. சேறு வந்தால் நான் இப்போது ஓரம் தேடுவதில்லை. நட்டநடுவே இறங்கிப் போகிறேன். பாண்டிதான் கால் நனையாமல் ஓரமாக வருகிறான்.